மாமா சொன்ன பத்து

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதறாதே. இங்கே எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம். போனில் பேசலாமே என்பாய். போன் எடுத்தாலே உனக்கு எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுபோயிருக்கும், 'அப்புறம் கூப்பிடறேன்க்கா' என்பாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. கடிதம் என்றால் நீ பாதியில் வைத்துவிட்டுப் போக முடியாது பார்.

உன் செல்லப் பெண் பட்டாணி நலம். உன் வீட்டுக்காரி பயிற்சி முடித்து வரும்வரை இரண்டு மாதம் எட்டு வயதுப் பிள்ளையை எப்படிச் சமாளிக்கப் போகிறோமோ என்று மாமாவும் நானும் கொஞ்சம் மிரண்டுதான் போயிருந்தோம். சமாளிக்க ஒன்றுமே இல்லை. எழுப்புவதற்கு முன்பே எழுந்துவிடுகிறாள். போர்வையை மடித்து வைக்கிறாள். குடித்த டம்ளரைக் கழுவுகிறாள். 'அத்தை, இதை இங்க வைக்கலாமா?' என்று கேட்டுவிட்டுத்தான் புத்தகத்தையே மேசையில் வைக்கிறாள். நேற்று பால் கொஞ்சம் சிந்திவிட்டது. நான் திரும்பிப் பார்ப்பதற்குள் தன் சட்டை முனையாலேயே துடைத்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் நின்றாள். முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை.

இவ்வளவு சொன்னபடி கேட்கும் பிள்ளையை நான் இதற்குமுன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

அவள் எதற்காவது பயப்படுவாளா? சும்மாதான் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. நீயே சமைக்கிறேன் என்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

அன்புடன்,
அக்கா


மே 17

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நானும் நலம், என் வயிறும் நலம். உன் கடிதத்தைக் கொடுத்த தபால்காரர் என்னை ஒரு மாதிரி மேலும் கீழும் பார்த்தார். இந்தக் காலத்தில் கையெழுத்தில் கடிதம் வந்தால் காதல் விவகாரம் என்று நினைப்பார் போல. அக்கா என்று சொன்னேன், நம்பவில்லை.

பட்டாணியைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பெருமையாக இருந்தது. வளர்ப்பு அக்கா, வளர்ப்பு! இந்த எட்டு வருஷத்தில் அவள் மேல் ஒரு அடி விழுந்ததில்லை. நான் கை நீட்டியதே இல்லை. வேண்டுமானால் அவளையே கேட்டுப் பார். கோபம் வரும், இல்லை என்று சொல்லவில்லை. கத்துவேன். எப்போதாவது ஒரு தட்டு பறக்கும், ஒரு நாற்காலி சாயும். அது எந்த வீட்டில் இல்லை? அப்பா மாதிரி ஆகக் கூடாது என்று பதினொரு வயதில் நினைத்தேன், ஆகவில்லை. அது போதும் எனக்கு.

பயமா? பல்லிக்குப் பயப்படுவாள்.

இங்கே வேலை தலைக்கு மேல். நாற்பது கட்டடத்தை இரண்டு பேர் பார்க்கிறோம். நேற்று ஒரு அம்மா நாலாவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார். கதவுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டே இருந்தேன். எங்கள் தொழிலில் அதுதான் முதல் பாடம்: உள்ளே இருப்பவரிடம் பேச்சை நிறுத்தக் கூடாது. இப்போது என்ன செய்கிறேன், அடுத்து என்ன சத்தம் வரும், எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, 'உன் குரலாலதான் தம்பி உயிரோட இருந்தேன்' என்றார். பார்த்தாயா உன் தம்பியை!

மாமாவை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி


மே 24

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா. நலமா என்று கேட்டு நீட்ட இன்றைக்கு மனசில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வந்த நாளிலிருந்து, சாயங்காலம் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் பட்டாணி ஓடிப்போய் வாசலில் நிற்பாள். மாமாவின் முகத்தைப் பார்க்க மாட்டாள், கையைத்தான் பார்ப்பாள். பிள்ளை தின்பண்டம் எதிர்பார்க்கிறது என்று நாங்கள் இரண்டு அறிவாளிகளும் முடிவு செய்தோம். மாமா தினமும் பஸ் டிப்போவிலிருந்து வரும்போது பிஸ்கட் வாங்கி வர ஆரம்பித்தார்.

வியாழக்கிழமை அவர் இரண்டு கையிலும் பை. கையைப் பார்க்க முடியாமல், 'மாமா, எத்தனை?' என்று கேட்டாள். இவர் குரல்தான் உனக்குத் தெரியுமே, பஸ் முழுக்கக் கேட்கும். பாக்கெட்டில் எத்தனை பிஸ்கட் என்று கேட்கிறாள் என நினைத்து, 'பத்து!' என்று முழங்கினார்.

அவள் திரும்பி நடந்தாள். ஓடக்கூட இல்லை. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

விளையாட்டு என்று முதலில் நினைத்தோம். அரை மணி ஆயிற்று. மாமா தரையில் உட்கார்ந்து, 'ஐயோ பட்டாணி, எட்டுதாம்மா இருக்கு, ரெண்டை வழியில நானே தின்னுட்டேன்' என்று கெஞ்சுகிறார். உள்ளே மூச்சுச் சத்தம் கூட இல்லை. கடைசியில் நான், 'மாமா சொன்னது பிஸ்கட் கணக்குடா கண்ணா' என்றேன். அதன் பிறகுதான் தாழ் திறந்தது. கதவுக்குப் பின்னால் வாளி, குவளை, ஸ்டூல் எல்லாவற்றையும் அண்டக்கொடுத்து வைத்திருந்தாள். என் காதில் மெதுவாகச் சொன்னாள்: 'மூணுக்கு மேல இருக்குன்னு அப்பா சொல்லவே இல்ல, அத்தை.'

தம்பி, அந்தக் கணக்கு உன்னையும் என்னையும் தவிர யாருக்குத் தெரியும்? சின்ன வயதில் அப்பா வந்து கதவைத் தட்டினால் திறப்பது நான். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் உனக்கு விரல் காட்டுவேன். ஒன்று என்றால் பயமில்லை. இரண்டு என்றால் வாய் திறக்காதே. மூன்று என்றால் பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடு. அது எப்படி உன் மகளுக்குத் தெரிந்தது?

மழுப்பாமல் எழுது.

அக்கா


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இதில் மழுப்ப என்ன இருக்கிறது? நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

அப்பா நமக்கு ஒருநாளும் சொல்லிவிட்டு வந்ததில்லை. கதவு திறந்த பிறகுதான் தெரியும். நான் அப்படி இல்லை. வேலையில் எவனாவது எரிச்சல் கிளப்பி, தலை சூடாகி வந்தேன் என்றால், வாசலிலேயே விரலைக் காட்டிவிடுவேன். மூன்று என்றால் அவள் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் கத்தி முடித்து, கூப்பிட்ட பிறகு வருவாள். அவளுக்கு அது ஒரு விளையாட்டு மாதிரி. எந்த அப்பன் பிள்ளைக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்கிறான், சொல்லு?

நீ கண்டுபிடித்ததுதான் அக்கா அது. உன்னால்தான் நான் தப்பித்தேன். அதனால்தான் அவளுக்கும் கொடுத்தேன். நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன்.

மாமாவிடம் இனிமேல் பத்து என்று சொல்ல வேண்டாம் என்று சொல். அவ்வளவுதான் விஷயம்.

தம்பி


ஜூன் 6

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்றுதான் இதையும் எழுதுகிறேன்.

சந்தோஷப்படவில்லை. இரண்டு நாளாக மூக்குக்கண்ணாடிக் கடையில் சில்லைச் சட்டத்தில் பொருத்தவே முடியவில்லை, கவனம் வேறெங்கோ. நேற்று ஒன்றை உடைத்துவிட்டேன், முதலாளி முறைத்தார்.

நான் விரல் காட்டியது வேறொருவரிடமிருந்து உன்னைக் காப்பாற்ற. நீ விரல் காட்டுவது யாரிடமிருந்து? யோசித்துப் பார். சொல்லிவிட்டுத் தட்டை எறிந்தாலும் அது உடையும் சத்தம் அதே சத்தம்தானே. கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று உனக்கு நான் பாடம் எடுக்க வேண்டுமா?

விளையாட்டு என்கிறாய். நேற்று தலை பின்னிவிடும்போது மெதுவாகக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: 'நான் நல்லா இருந்தா ஒண்ணுதான் வரும் அத்தை. நான் ஏதாவது பண்ணினாதான் மூணு வரும். என்ன பண்ணினேன்னு சில நாள் கண்டுபிடிக்க முடியாது.' எட்டு வயது, தம்பி. உன் கோபத்துக்கு அவள் தன்னிடம் காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள். 'அப்பா கோபம் அப்பாவோடது, உன்னோடது இல்லை' என்று சொன்னேன். மரியாதையாகத் தலையாட்டினாள். ஒரு சொல்லைக் கூட நம்பவில்லை.

அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் இதற்கென்று ஆலோசகர்கள் இருப்பார்கள். போய் ஒருவரைப் பார். பார்த்துவிட்டு எழுது. அதுவரை பட்டாணி இங்கேயே இருக்கட்டும். உன் வீட்டுக்காரியிடமும் போனில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு 'சரி அண்ணி' என்றாள்.

கோபப்படாதே என்று எழுத வந்தேன். கோபப்படு, பரவாயில்லை. போய்ப் பார்.

அக்கா


ஜூன் 15

அக்காவுக்கு,

பட்டாணியை வந்து அழைத்துக்கொண்டு வந்தாயிற்று. நல்லபடியாக வீடு சேர்ந்தோம். அவளுடைய நீலச் சட்டை அங்கேயே இருக்கிறதாம், அனுப்ப வேண்டாம்.

என் பிள்ளையை எனக்குக் கொடுக்க நீ நிபந்தனை போடுகிறாயா? எனக்குப் பைத்தியம் என்று என் பெண்டாட்டியிடமே போன் போட்டுச் சொல்கிறாயா? பத்தொன்பது வயதில் வேலை கிடைத்தது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய். எனக்குப் பதினொன்று. அதற்கப்புறம் எனக்கு யார் விரல் காட்டினார்கள்? அம்மா சமையலறையை விட்டு வெளியே வந்தாளா? நீ போன அன்றைக்கு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று இந்த இருபத்தேழு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் கேட்டிருப்பாயா?

விட்டுவிட்டுப் போனவர்கள் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம். இனிமேல் கடிதமும் வேண்டாம்.


ஆகஸ்ட் 20

அன்புள்ள தம்பிக்கு,

வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

நீயும் உன் வீட்டுக்காரியும் பட்டாணியும் எப்படி இருக்கிறீர்கள் என்று இரண்டு மாதமாகத் தெரியவில்லை. போன் மணி அடித்து அடித்து ஓய்கிறது. மாமா இன்னும் வாசலில் கையைக் காட்டிவிட்டுத்தான் உள்ளே வருகிறார், பட்டாணிக்காக ஆரம்பித்த பழக்கம் விடவில்லையாம்.

நீ கேட்டதற்குப் பதில்: கேட்கவில்லை. ஒரு நாள் கூடக் கேட்கவில்லை. மறந்து போய் இல்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயே என்ற பயம். அன்று காலையில் அப்பா முகம் என்ன கணக்கு என்று எனக்குத் தெரியும். மூன்று. நன்றாகவே தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பின்னால் திரும்பி உனக்குக் கை காட்டினால் நின்றுவிடுவேன், நின்றால் அப்புறம் போகவே முடியாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அப்பா போய்ச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் படியில் இறங்கியதை மட்டும் என்னால் யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. மாமாவுக்கே இன்றுவரை தெரியாது. என்னை மன்னித்துவிடு என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

ஆனால் என் தப்புக்காக அவளை விட்டுவிட முடியாது. நீ அழைத்துப் போக வந்த அன்று வாசலில் நின்று ஒரு விரல் காட்டினாய். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கிறது, கையில் ஒன்று. பட்டாணி உன் விரலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், எதை நம்புவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையோடுதான் தினமும் வேலைக்குப் போகிறேன்.

அன்றைக்கு என்ன நடந்தது, தம்பி? இப்போது கேட்கிறேன். சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல். நான் இங்கேயேதான் இருப்பேன்.

உன் அக்கா


அக்டோபர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியது என்று நினைக்காதே. இடது கையால் எழுதுகிறேன். மூன்று நாளாக எழுதுகிறேன். உயிருக்கு ஒன்றுமில்லை.

போன மாதம் லிஃப்ட் கதவுச் சட்டத்தில் வலது கை நசுங்கிவிட்டது. கட்டை விரலும் சுண்டு விரலும் கட்டுக்குள்ளே. நடு மூன்றுக்கும் தகடு வைத்து நேராக நிற்க வைத்துவிட்டார்கள். ஆறு வாரம் மடக்கக் கூடாதாம்.

உனக்குப் புரிந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்கு வந்தேன். வலி உயிர் போகிறது. பிள்ளையைப் பார்த்தால் போதும் என்று இருந்தது. கதவைத் திறந்தாள், கையைப் பார்த்தாள், அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். 'பட்டாணி, அப்பாவுக்கு அடிபட்டிருக்கும்மா, இது அது இல்லை' என்றேன். 'பொய் சொல்லாதீங்கப்பா, மூணு தெரியுதே' என்றாள். பயந்த குரல் கூட இல்லை அக்கா. ரொம்பப் பழகிப்போன குரல்.

கையைக் கீழே தொங்கவிட்டால் வீங்குகிறது. துண்டைச் சுற்றி மறைத்தேன், 'உள்ள மூணு இருக்குன்னு எனக்குத் தெரியும்' என்கிறாள். அவள் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் காட்டிவிட்டு நான் பாட்டுக்குக் கத்திக்கொண்டிருப்பேனே, அந்தப் பக்கம் என்ன இருக்கும் என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கதவுக்கு அந்தப் பக்கத்தில் யார் மாட்டிக்கொண்டாலும் பேசிக்கொண்டே இருப்பவன் நான். என் பிள்ளையிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

கட்டு மாற்றும் அறைக்கு எதிர் அறையில் ஒரு அம்மா இருக்கிறார். ஆலோசகர். இரண்டு தடவை வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். மூன்றாம் தடவை அவரே, 'உள்ள வாங்க, வெளியில காத்து வாங்கினது போதும்' என்றார்.

உன் ஆகஸ்ட் கடிதத்தைக் கிழிக்கவில்லை. நீ கேட்டதற்கு இப்போது எழுத முடியவில்லை. கையால் அல்ல, வேறு காரணம்.

உன் தம்பி


அக்டோபர் 11

அன்புள்ள தம்பிக்கு,

உன் கோணல் எழுத்தைப் படித்துவிட்டுக் கடையிலேயே அழுதுவிட்டேன். கண் பரிசோதிக்க வந்தவர், 'உங்களுக்கே பவர் ஏறிடுச்சு போல' என்று கேலி செய்தார்.

கையைப் பார்த்துக்கொள். அந்த அம்மாவிடம் போவதை நிறுத்தாதே. ஒன்றுமில்லை, சரியாகிவிட்டது என்று உனக்குத் தோன்றும் நாளில் கட்டாயம் போ. பட்டாணி நம்பவில்லையே என்று அவளை அவசரப்படுத்தாதே. எத்தனையோ நாள் பார்த்து வைத்த கணக்கு அவளுடையது. நீ அதை அழிக்க எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. உன் வீட்டுக்காரி என்ன சொல்கிறாள்? அவளும் எத்தனையோ நாளாக வாய் திறக்காமல் இருப்பவள், அவளையும் ஒரு தடவை கேள்.

நீ எழுத முடியாததை எழுத வேண்டாம். நேரில் வரும்போது சொல். வராவிட்டால் நான் வருகிறேன். இந்தத் தடவை பஸ்ஸுக்கு அவசரப்பட மாட்டேன்.

அக்கா


ஜனவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். கட்டு எடுத்தாயிற்று, கை மடங்குகிறது, ஆள்காட்டி விரல் மட்டும் கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. எழுத்தைப் பார், பெரிய மனுஷன் எழுத்து.

நல்லவனாகிவிட்டேன் என்று எழுத மாட்டேன். நவம்பரில் ஒருநாள் பீங்கான் தட்டு ஒன்று பறந்தது. மறுநாள் அந்த அம்மாவிடம் போய் ஒப்புக்கொண்டேன். 'எறியறதுக்கு முன்னாடி உடம்புல எங்க சூடாச்சு?' என்று கேட்டார். இதெல்லாம் ஒரு கேள்வியா என்று எரிச்சல் வந்தது. காதுக்குப் பின்னால் என்றேன். இப்போது காதுக்குப் பின்னால் சூடானால் மாடிப்படிக்குப் போய் நின்றுவிடுகிறேன். விரல் காட்டுவது கிடையாது. 'அப்பாவுக்குக் கோபம், உன்னால இல்ல, பத்து நிமிஷத்துல வரேன்' என்று வாயால் சொல்லிவிட்டுப் போகிறேன். பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன். வீட்டுக்காரி இன்னும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். சரியாகிவிட்டதா என்றால், 'பார்க்கலாம்' என்கிறாள். நான் வேறு என்ன எதிர்பார்க்க?

பட்டாணியிடம் எவ்வளவு சொன்னாலும் தலையாட்டல்தான். அதே மரியாதை.

நேற்று அவள் பள்ளியில் பாட்டுப் போட்டி. வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஒரு கட்டடத்தில் மாட்டிக்கொண்டு, போய்ச் சேரும்போது நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் எழுந்து நின்று, 'வரேன்னு சொன்னீங்கல்ல? பொய்! எப்பப் பாரு பொய்! நீங்க ஒண்ணும் பேச வேணாம், போங்க!' என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். புத்தகப் பையை என் காலடியில் தூக்கிப் போட்டாள். கதவைப் படாரென்று சாத்தினாள், சுவரில் காலண்டர் ஆடியது.

எனக்குக் காதுக்குப் பின்னால் சூடாயிற்று, இல்லை என்று சொல்ல மாட்டேன். மாடிப்படிக்குப் போனேன். அங்கே நிற்கும்போதுதான் அக்கா எனக்கு உறைத்தது. அவள் என்னைத் திட்டினாள்! என் முகத்துக்கு நேராக, என் கையைப் பார்க்காமல், என்ன ஆகும் என்று யோசிக்காமல் திட்டினாள். நாம் இரண்டு பேரும் அப்பாவை ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறோமா? மனசுக்குள்ளேயாவது? படியில் உட்கார்ந்து அழுதேன். மேல்வீட்டுக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் இறங்கிப் போனார்.

திரும்பி வந்து கதவைத் தட்டி, 'வராதது என் தப்பு' என்றேன். 'எனக்கு இன்னும் கோபம் போகல' என்றாள் உள்ளேயிருந்து. சரி, இருக்கட்டும் என்றேன். சாப்பிடும்போது வந்து, முறைத்துக்கொண்டே சாப்பிட்டாள். இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

அடுத்த மாதம் நான் மட்டும் வருகிறேன். நீ கேட்டதைச் சொல்ல வேண்டும். இரண்டு நாளாவது ஆகும்.

உன் தம்பி


ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே இருவரும் சௌக்கியம். வா. இரண்டு நாள் இல்லை, பத்து நாள் இரு. கடைக்கு லீவு சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தை மாமாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கதவு படாரென்ற இடத்தில் அவர் கைதட்டினார். பிறகு அவர் டீ குடிக்க உட்கார்ந்தார், நான் அறைக்குள் வந்தேன். எனக்கு நாற்பத்தாறு வயது. ஒரு கதவையும் நான் சத்தமாகச் சாத்தியதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பிறந்த வீட்டிலும் இல்லை, இந்த வீட்டிலும் இல்லை. எப்போதும் கைப்பிடியைத் திருகி, ஓசை வராமல், பொத்திப் பொத்தித்தான். கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் என் பலம் முழுவதையும் கூட்டி ஓங்கிச் சாத்தினேன்.

மாமா டம்ளரோடு ஓடி வந்து, 'யாரு? யாரு அது?' என்று பதறினார்.

'நான்தான்' என்றேன்.

உன் அக்கா